புடைப்பு அலங்கார டைல்ஸ்

புடைப்பு அலங்கார டைல்ஸ் என்பவை பூ, இலை, பறவை போன்ற உருவங்கள் மேடும் பள்ளமுமாக எழும்பி நிற்கும், மெருகு பூசிச் சுடப்பட்ட களிமண் சதுரங்கள் ஆகும். வீட்டுச் சுவர்களை அழகுபடுத்த இவை பதிக்கப்படுகின்றன. தமிழில் இவற்றை ‘ஓடு’ என்று எழுதுவதும் உண்டு. ஆனால் ஓடு என்றதும் கூரைதான் நினைவுக்கு வரும். எனவே கடையிலும் கொத்தனாரிடமும் புழங்கும் ‘டைல்ஸ்’ என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவர்களில் காணப்படும் இவற்றை ஆத்தங்குடிக் கற்கள் என்று சிலர் மயங்குவதுண்டு. இரண்டும் வேறு. ஆத்தங்குடிக் கல் சூளையைக் காணாதது. சிமெண்ட், மணல், வண்ணப்பொடி ஆகியவற்றைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, நீரில் ஊற வைத்து இறுகச் செய்வது. அதன் முகம் வழவழப்பாக இருக்கும். பெரும்பாலும் தரைக்கு உரியது. புடைப்பு டைல்ஸ் சூளையில் வெந்தது, சுவருக்கு உரியது, பழையவை அநேகமாகக் கப்பலில் வந்திறங்கியவை.

மேடு எதற்காக?

மேடுபள்ளம் வெறும் அழகுக்காகத் தோன்றியது அல்ல. டைல்ஸின் மேல் பூசப்படும் மெருகு சூளைச் சூட்டில் உருகிப் பாகு போல ஓடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நிறம் வைத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர்கள் இதற்கு முதலில் கண்ட வழி, மாங்கனீசுப் பொடியை எண்ணெய்ப் பசையில் குழைத்து நிறங்களுக்கு இடையே கோடு இழுப்பது. எண்ணெய்க் கோட்டைத் தாண்டி மெருகுக் குழம்பு போகாது. 16ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்தார் இன்னும் எளிய வழியைக் கைக்கொண்டனர். ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்தி, ஒவ்வொரு நிறத்தைச் சுற்றியும் மெல்லிய விளிம்பு எழும்படி செய்தனர். வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் நிறத்துக்கு இந்த விளிம்பு.

இதனால் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. மெருகு ஒளி ஊடுருவக்கூடியது. மேட்டில் அது மெலிந்து வெளிறித் தெரியும். பள்ளத்தில் தேங்கி அடர்ந்து தெரியும். ஒரே பச்சை மெருகைப் பூசினாலும் இலையின் நரம்பு வெளுப்பாகவும் மடிப்பு கரும்பச்சையாகவும் அமைந்துவிடும். தூரிகை தொடாமலே கிடைக்கும் இந்த நிழலும் ஒளியும்தான் இவ்வகை டைல்ஸின் உயிர். இன்றைய அச்சு டைல்ஸ் பலவற்றில் நிழலையும் சேர்த்து மையால் அச்சிட்டுவிடுகிறார்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்த நிழல் நகராது. கண் அதை விரைவில் கண்டுபிடித்துவிடும்.

இங்கிலாந்திலிருந்து ஜப்பான் வழியாக

1840இல் ரிச்சர்ட் பிராசர் என்பவர், சற்றே ஈரமுள்ள களிமண் பொடியை உலோக அச்சுகளுக்கு இடையே அழுத்திப் பொருள் செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஈரம் குறைவு என்பதால் சுடும்போது சுருங்குவதும் கோணுவதும் குறைந்தன. மிண்டன் நிறுவனம் இம்முறையை டைல்ஸுக்குப் பயன்படுத்தியது. அங்கே பணியாற்றிய லியோன் ஆர்னூ உருவாக்கிய, ‘மஜோலிகா’ என்று அறியப்படும் வண்ண மெருகுப் பொருட்கள் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டன. பின்னர் ஆங்கிலேய வீடுகளின் கணப்பு ஓரங்களிலும் வாசல் சுவர்களிலும் மஜோலிகா டைல்ஸ் பரவின.

முதல் உலகப் போரின்போது (1914–1918) ஐரோப்பியச் சரக்கு ஆசியாவுக்கு வருவது குறைந்தது. அந்த இடத்தை ஜப்பானியத் தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்டன. முதலில் ஆங்கிலேய வடிவங்களைப் பின்பற்றிய அவை, விரைவில் வாங்குபவரின் விருப்பமறிந்து செய்யலாயின. இந்தியாவுக்கென இந்து தெய்வ உருவங்கள் பொறித்த டைல்ஸ் ஜப்பானில் தயாராயின. ரவிவர்மாவின் அச்சுப் படங்களைத் தழுவியவையும் அவற்றில் உண்டு. சிங்கப்பூரில் கூன் செங் சாலையின் பெரானாக்கன் வீடுகளில் இவ்வகை டைல்ஸை இன்றும் காணலாம்.

பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வணிகம் செய்த நகரத்தார் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கொண்டுவந்ததுபோல இவற்றையும் ஊருக்குக் கொண்டுவந்தனர். பல வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் இவை பட்டையாக ஓடும். தரையில் அமர்ந்து சுவரில் சாய்வது வழக்கமான வீட்டில் எண்ணெய்த் தலை படும் இடம் அதுதான். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வீட்டில் பதிக்கும்போது

இப்போது கடைகளில் ‘எலிவேஷன் டைல்ஸ்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியில் செய்யப்படுகின்றன. வாங்குமுன் விரல் நகத்தை மேட்டின்மேல் ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு முழுச் சுவரையும் புடைப்பால் நிரப்பினால் கண் களைத்துவிடும். ஒரு பட்டை அல்லது வாசலின் இரு பக்கம் போதுமானது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் சுவரே ஏற்றது. நேர் எதிரே விளக்கு இருந்தால் மேடு தெரியாது. அடுப்புக்குப் பின்னால் பதித்தால் பள்ளந்தோறும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். நான்கு டைல்ஸ் சேர்ந்து ஒரு பூவாகும் வடிவமானால், ஒட்டுவதற்கு முன் தரையில் பரப்பிப் பார்த்து, நடுவிலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் மூலையில் பாதிப் பூ வந்து நிற்கும். கழுவ மென்மையான பிரஷும் சோப்புநீரும் போதும், ஆசிட் கூடாது.

பழைய டைல்ஸும் அவற்றின் சந்தையும்

பங்காளிகள் பலருக்கு உரிமையான பெரிய வீடுகளைப் பராமரிப்பது கடினம். அப்படிப் பிரிக்கப்படும் வீடுகளின் தூண், கதவு போலவே டைல்ஸும் விலைக்கு வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் இதற்குப் பெயர் பெற்றவை. சுண்ணாம்புக் காரையில் பதித்தது பொறுமையாக நெம்பினால் முழுதாக வரும். சிமெண்டில் பதித்ததோ டைல்ஸைவிடக் கலவை வலுவாக இருப்பதால் உடைந்தே வரும். நான்கில் மூன்று மிஞ்சினால் பூ போயிற்று. பழைய மஜோலிகா மெருகில் ஈயம் சேர்ப்பது வழக்கமாதலால், அவற்றை மெஷினில் அறுத்துத் தூசி கிளப்புவது உடலுக்குக் கேடு.

வாங்கியவர் கையில் கிடைப்பது ஆறு அங்குலச் சதுரம் மட்டுமே. பின்புறம் ‘மேட் இன் ஜப்பான்’ என்றோ ஆங்கிலேய நிறுவனத்தின் பெயரோ பொறித்திருக்கலாம். எந்த ஊர், எந்த வீடு, முகப்பிலா வளவிலா இருந்தது என்பது அதில் இராது. எடுக்குமுன் சுவரைப் படமெடுத்து, ஒவ்வொன்றின் பின்னும் பென்சிலால் எண் இட்டால் அதைக் காப்பாற்றலாம், செலவு ஒன்றுமில்லை. தைவானின் சியாயி நகரில், இடிபடும் வீடுகளிலிருந்து மீட்ட டைல்ஸுக்கென்றே 2016இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் உள்ளன. அப்பட்டியலில் ஊர் இருப்பதாலேயே ஒரு தனியார் வீட்டை இடிக்கத் தடை வந்துவிடாது.