வெள்ளை மருந்தும் சுத்தமான ரிப்போட்டும்

பூண்டுலோயாப் பக்கத்து லயங்களில் வயசானவர்களிடம் வயிற்றுக்கோளாறு பற்றிக் கேட்டால் போத்தலில்தான் பேச்சுத் தொடங்கும். அந்தக் காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறவர் வெறும் போத்தலைக் கழுவிக் கையோடு கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்பு கரைத்தது போன்ற வெள்ளை மருந்தை ஊற்றித் தருவார்கள். மெக்னீசியம் டிரைசிலிகேட், குலுக்கிக் குடித்தால் எரிச்சல் கொஞ்ச நேரம் அடங்கும்.

1912ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியின் மருத்துவத் தேவையைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியிருந்தது. ஆனால் ஆள் மலைக்குப் போகமுடியுமா, முடியாதா என்பதுதான் அன்றைய விசாரணை. காய்ச்சல் என்றால் தேர்மாமீட்டர் சாட்சி சொல்லும். இரண்டு வாய் ரொட்டியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, கொழுந்துக் கூடையோடு ஏறும்போது மேல்வயிறு எரிகிறது என்றால் யார் சாட்சி? விடியற்காலைப் பெரட்டுக்கு முன் அவசரமாக விழுங்கியது, பகல் கொழுந்து நிறுக்கும் வரை வெறும் வயிறு, இடையில் வெத்திலை. இதையெல்லாம் கேட்டு எழுதிவைக்க எவருக்கும் நேரமில்லை.

இன்றைக்கு டிஸ்பென்சரி வாசலோடு நிற்க வேண்டியதில்லை. வயிறு எரிந்தால் சின்னப்பிள்ளைகூட ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ என்கிறது. வெள்ளை மருந்தின் இடத்தில் ஒமிப்ரசோல். அடங்காவிட்டால் பஸ் ஏறிக் கண்டிவரை போய்க் கமரா விட்டுப் பார்க்கிறார்கள். அது வீணல்ல. எடை குறைந்தால், மலம் கறுத்தால், விழுங்கச் சிரமப்பட்டால், இரத்தம் குறைந்தால் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். வெத்திலை போடுகிறவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் உண்டு. 1982இல் மார்ஷலும் வாரனும் ஹெலிக்கோபக்டர் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகு அதற்கும் ஒரு சோதனை சேர்ந்துகொண்டது.

இத்தனைக்கும் பிறகு ரிப்போட் சுத்தமாக வருகிறவர்கள் நிறையப் பேர். “ஒண்ணுமில்லையாம்” என்று வீடு திரும்புகிறார்கள். எரிச்சலும் கூடவே திரும்புகிறது. என் கோபம் இந்த ‘ஒண்ணுமில்லை’ மேல்தான். இப்படிப் புண் எதுவும் தெரியாமலே தொந்தரவு தரும் வயிற்றுக்கோளாறும் ஒரு நோய்தான். இத்தகைய கோளாறுகளை வரையறுக்க 2016இல் வெளியான நான்காவது ரோம் அளவுகோலின்படி இந்த நோயைத் தீர்மானிக்கச் சுத்தமான ரிப்போட் பாதிதான். மீதி நோயாளியின் வாயில் இருக்கிறது. சாப்பிட்டபின் தொந்தரவு தரும் நிறைவோ, சீக்கிரமே வயிறு நிறைவதோ வாரத்தில் மூன்று நாளாவது. அல்லது மேல்வயிற்று வலியோ எரிச்சலோ வாரத்தில் ஒரு நாளாவது. கடந்த மூன்று மாதமாக இருக்க வேண்டும், தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இதைக் கிளினிக் கொப்பியில் எழுத நாலு வரி போதும். அந்த நாலு வரிதான் அன்றும் இல்லை, இன்றும் அநேகமாக இல்லை.

கமராவில் தெரியாததெல்லாம் கற்பனை என்றும் சொல்லமுடியாது. களனிப் பல்கலைக்கழகத்தில் நிரங்கா தேவநாராயணவும் ஷமன் ராஜிந்திரஜித்தும் காரணம் தெரியாத வயிற்றுவலியுள்ள பிள்ளைகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அவர்களின் இரைப்பை உணவை மெதுவாகத்தான் வெளியேற்றியது. புண் இல்லை, அசைவில் கோளாறு இருக்கிறது.

சிகிச்சையிலும் ஒரு சிக்கல். அமிலம் குறைக்கும் குளிசைக்கு அடங்காதவர்களில் சிலருக்கு, வயிற்று நரம்பின் கூச்சத்தைத் தணிக்க அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து அது. ஏன் தருகிறோம் என்று டொக்டர் இரண்டு நிமிஷம் சொல்லாவிட்டால், “எனக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டு அந்தக் குளிசையை லயத்துக் கானில் வீசிவிடுகிறார்கள்.