ஃபார்ம் போன வீரருக்கு எத்தனை ஆட்டம் பொறுக்கலாம்?

திங்கள், வெள்ளி என்றால் மதுரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் சிறுவாச்சூர் திணறும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட். பெரம்பலூர் சுற்றுவட்டாரத்தில் பள்ளி மைதானமோ, அறுவடை முடிந்த நிலமோ, இடம் கிடைத்தால் போதும்... பையன்கள் ஸ்டம்ப் ஊன்றிவிடுவார்கள். அப்படிப்பட்ட எந்த அணியை எடுத்தாலும் அதில் ஒருவன் இருப்பான். போன வாரம் டக் அவுட், அதற்கு முந்தைய வாரம் மூன்று ரன். இந்த வாரம் அவனைப் பதினொரு பேரில் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தாலும் பவுண்டரி கோட்டில் நிற்கவைத்து, ஓவரும் தராமல், ஒன்பதாவது ஆளாக பேட்டிங்கில் இறக்கினால் அவன் ஆட்டக்காரனா, ஒப்புக்குச் சப்பாணியா?

ஊர் அணி கேப்டனின் இந்தத் தலைவலிதான் இந்திய அணியின் தேர்வுக்குழுவுக்கும். தடுமாறும் வீரருக்கு எத்தனை வாய்ப்பு கொடுப்பது நியாயம்?

முச்சதத்துக்குப் பிறகு நான்கு இன்னிங்ஸ்

2016 டிசம்பர், சேப்பாக்கம். இங்கிலாந்துக்கு எதிராக கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ரன் எடுத்தார். அது அவருடைய மூன்றாவது டெஸ்ட் இன்னிங்ஸ்தான். ஆனால், அடுத்து வங்கதேசத்துடன் நடந்த டெஸ்ட்டில் அவருக்கு இடமில்லை. காயத்திலிருந்து திரும்பிய அஜிங்க்ய ரஹானே அந்த இடத்துக்கு வந்தார். ஒரே ஓர் ஆட்டத்துக்காக ரஹானேயின் இரண்டு வருட உழைப்பை ஒதுக்க முடியாது என்றார் அப்போதைய கேப்டன் விராட் கோலி. அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

அதன்பின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கருணுக்குக் கிடைத்தவை நான்கு இன்னிங்ஸ்: 26, 0, 23, 5. அத்துடன் முடிந்தது. 2018-ல் இங்கிலாந்து சுற்றுப்பயணம் முழுக்க அணியோடு இருந்தார். கடைசி டெஸ்ட்டில் ஓர் இடம் காலியானபோது, தொடரின் நடுவில் வந்துசேர்ந்த ஹனுமா விஹாரிக்கு அது போனது. கருண் பெஞ்சிலேயே ஊர் திரும்பினார். 2022 டிசம்பரில், இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தரும்படி கிரிக்கெட்டையே கேட்டு அவர் ட்விட்டரில் எழுதிய ஒற்றை வரி, ரசிகர்களை உருகவைத்தது.

நான்கு இன்னிங்ஸில் ஒருவரை எடைபோட முடியுமா? பேட்ஸ்மேனின் வேலை வித்தியாசமானது. பந்துவீச்சாளர் ஒரு பந்தைத் தவறாகப் போட்டாலும் அடுத்த பந்தில் சரிசெய்துகொள்ளலாம். பேட்ஸ்மேனுக்கு ஒரு தவறு போதும், அன்றைய கதை முடிந்தது. அருமையான பந்தில் போல்டானாலும், நடுவர் தவறாகக் கை தூக்கினாலும் ஸ்கோர் கார்டில் விழுவது அதே எண்தான்.

நம்ம ஊர் ஜெகதீசன்

தமிழ்நாட்டின் என்.ஜெகதீசன் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2020 ஐ.பி.எல்-லில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக முதன்முதலில் பேட் பிடித்தபோது 33 ரன் எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அவர் பதினொரு பேரில் இல்லை. 2022 நவம்பரில் சென்னை அணி அவரை விடுவித்தது. அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்தார். ஐந்தாவது சதம், அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277 ரன். அருணாசலம் பலமான அணி இல்லைதான். ஆனால், உள்ளூர் ஒருநாள் போட்டிகளில் அதுவரை உலகில் யாரும் ஒரே இன்னிங்ஸில் அவ்வளவு ரன் எடுத்ததில்லை.

அதே 2020 சீஸனில் அதே சென்னை அணியில் ருதுராஜ் கெய்க்வாட்டின் முதல் மூன்று ஸ்கோர்கள் 0, 5, 0. சென்னை புள்ளிப்பட்டியலில் கீழே சரிந்திருந்தது. இனி இழக்க எதுவும் இல்லை என்ற நிலை. அவரைத் தொடர்ந்து ஆடவிட்டார்கள். கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரை சதம் அடித்தார். மறு வருடம் 635 ரன் குவித்து ஆரஞ்சு தொப்பியை வென்றார், சென்னையும் கோப்பையை வென்றது. அன்று சென்னை நல்ல நிலையில் இருந்திருந்தால், அந்த நான்காவது வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

பொறுமை எங்கே பலித்தது?

2012 இலங்கைத் தொடரில் ரோஹித் ஷர்மா ஐந்து ஒருநாள் ஆட்டங்களில் எடுத்தது மொத்தம் 13 ரன். ‘இன்னும் எத்தனை வாய்ப்பு?’ என்று நாடே கேட்டது. கேப்டன் தோனி கைவிடவில்லை. வெறுமனே காத்திருக்கவும் இல்லை. அடுத்த ஜனவரியில் மொகாலியில் ரோஹித்தைத் தொடக்க வீரராக இறக்கிப் பார்த்தார். 83 ரன் வந்தது. பிறகு அந்த இடத்தில் நின்றுதான் ஒருநாள் போட்டியில் மூன்று இரட்டைச் சதங்கள் அடித்தார் ரோஹித்.

2019-ல் ஷேன் வாட்சன். சீஸன் பாதி தாண்டியும் ஓர் அரை சதம்கூட இல்லை. வலைப்பயிற்சியில் பந்து பேட்டில் நன்றாகப் படுகிறது என்பதைப் பார்த்து சென்னை அணி பொறுத்தது. ஹைதராபாத்துக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் 96 ரன் அடித்தார். இறுதியாட்டத்தில் முழங்காலில் ரத்தம் கசிய 80 ரன் எடுத்து, கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். ஒரு ரன்னில் கோப்பை போனாலும், வாட்சனைச் சென்னை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இப்படி ஒரு கதை உண்டு. மைதானத்தின் தொலைவில் நின்று பந்து பிடிக்கும் மூவரை அங்கே அவுட்ஃபீல்டர் என்பார்கள். கிட்டத்தட்ட நம் பவுண்டரி ஃபீல்டர் போல. ஆனால், அவர்களும் முறைவைத்து பேட் பிடித்தாக வேண்டும். 1951-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு வந்த 20 வயது வில்லி மேஸ், முதல் 26 முறை பேட் பிடித்ததில் ஒரே ஒருமுறைதான் சரியாக அடித்தார். உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தவரிடம் மேலாளர் லியோ டுரோச்சர், தான் இருக்கும்வரை நடு மைதானம் அவருக்குத்தான் என்று உறுதி கொடுத்தார். அவர் ஃபீல்டிங்கில் அணிக்குச் சேர்த்த பலம் டுரோச்சருக்குத் தெரியும். பின்னாளில் 660 ஹோம் ரன்கள் அடித்து, அந்த விளையாட்டின் மகத்தான வீரர்களில் ஒருவரானார் மேஸ்.

பேஸ்பாலில் பத்துக்கு மூன்றுமுறை சரியாக அடித்தாலே பெரிய வீரர். ஓர் அணி ஒரு சீஸனில் 162 ஆட்டங்கள் ஆடும். அதனால், ஒரு வாரத் தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரொம்பத் தடுமாறும் இளம் வீரரைப் பெரும்பாலும் கீழ்நிலை அணிக்கு அனுப்புவார்கள். அங்கே அவர் தினமும் ஆடுவார். பெஞ்சில் உட்கார்ந்து ஃபார்ம் திரும்பாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

வெளியே நிற்பவனும் வீரன்தான்

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வாய்ப்பும் காத்திருக்கும் இன்னொருவரிடமிருந்து எடுப்பது. விதர்பாவுக்காக ரன் மழை பொழிந்து, எட்டு வருடம் கழித்து 2025-ல் இந்திய அணிக்குத் திரும்பினார் கருண். இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட்டுகள், எட்டு இன்னிங்ஸ், 205 ரன், ஓர் அரை சதம். இந்த முறை வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த தொடரில் அவர் பெயர் இல்லை. ஓவல் மைதானத்தில் நடந்த கடைசி டெஸ்ட்டில் கருண் பேட் பிடித்தபோது, மாற்று விக்கெட் கீப்பராக அழைக்கப்பட்டுப் பெஞ்சில் காத்திருந்தவர் யார் தெரியுமா? ஜெகதீசன்.

அப்படியானால் அளவுகோல் என்ன? பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடும் விவசாயியைக் கேட்டால் சொல்வார். விதை முளைத்ததா, இல்லையா என்பது பத்து நாளில் தெரிந்துவிடும். முளைக்காத இடத்தில் மறுபடி விதை ஊன்றலாம். ஆனால், பச்சையாக நிற்கும் பயிரை ‘இன்னும் கதிர் வரலையே’ என்று நாற்பதாம் நாளில் யாரும் உழுதுபோட மாட்டார்கள். வீரரிடமும் பார்க்க வேண்டியது அதைத்தான். பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறாரா, ஃபீல்டிங்கில் ஓடுகிறாரா, ஒவ்வொரு முறையும் ஒரே தவறில் அவுட்டாகிறாரா, வேறு வேறு விதமாகவா? வேறு வேறு விதம் என்றால் பொறுக்கலாம். ஒரே தவறு என்றால் முதலில் அதைத் திருத்த வேண்டும்.

ஊர் அணிக்கும் பள்ளி அணிக்கும் இது இன்னும் எளிது. ‘உனக்கு நாலு ஆட்டம், மூணாவது இடம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அடுத்த பந்தில் அவுட்டானால் அணியிலேயே இருக்க மாட்டோம் என்ற பயத்தோடு ஆடுபவனுக்குக் கால் நகராது. நான்கு ஆட்டத்துக்குப் பிறகும் சரிவரவில்லையா... எதைத் திருத்தினால் திரும்பி வரலாம் என்று நேரில் சொல்லி உட்காரவைக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பட்டியலைப் பார்த்து, தன் பெயர் இல்லை என்று ஒரு பையன் தெரிந்துகொள்ளக் கூடாது.

பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகள் என்றால் கணக்கே வேறு. அந்த வயதில் கோப்பையைவிட, எல்லோர் கையிலும் பேட்டும் பந்தும் போய்ச்சேர்வதுதான் முக்கியம். முழு சீஸனும் பவுண்டரி கோட்டில் நின்ற பிள்ளைக்கு பேட்டிங் வருமா, வராதா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த வருடம் அவன் மைதானத்துக்கே வராமல் போனால், அது அந்தப் பிள்ளையின் தோல்வி இல்லை.