கம்ப்யூட்டருக்கும் வேண்டும் வைத்தியம்!

சகோதரிகளே, கிரைண்டர் கல் தேய்ந்தால் கொத்துகிறவரைக் கூப்பிடுகிறோம். தையல் மிஷினுக்குத் தவறாமல் எண்ணெய் விடுகிறோம். காஸ் அடுப்பின் ரப்பர் டியூபை வருஷம் பார்த்து மாற்றுகிறோம். ஆனால் இத்தனை விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரை மட்டும், "அது பாட்டுக்கு ஓடுது, ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். ஒரு நாள் அது நின்ற பிறகுதான், அதற்குள் என்னென்ன வைத்திருந்தோம் என்பதே ஞாபகத்துக்கு வருகிறது!

எங்கள் ஊர் வாலாஜாபாத். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்டு பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். ஸ்ரீபெரும்புதூரில் 2007-ல் தொடங்கிய டெல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களையே பூட்டி அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு, அதன் ஒயரைத் தரையிணைப்போடு சேர்த்துக்கொள்வார்கள். எதற்குத் தெரியுமா? நம் உடம்பிலேயே நிலைமின்சாரம் சேருகிறது. சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் அது சுருக்கென்று நமக்குத் தெரியும். ஆனால் நுட்பமான சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கே கெட்டுப்போகும்!

அத்தனை பத்திரமாகப் பிறக்கிற பொருள், நம் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் போர்வைக்கு நடுவே கிடக்கிறது. விசைப்பலகை மேல் பிஸ்கட் தூள், அதைத் தேடி எறும்பு!

ஒரு வாரம் கேட்ட சத்தம்

எங்கள் எதிர்வீட்டு அக்கா தறி வைத்திருப்பவர். பாவு, கூலிக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்தான். காலமாகிவிட்ட அவருடைய வீட்டுக்காரர் பேரன் காதுகுத்தில் சிரித்தபடி நிற்கும் படங்களும் அதில்தான் இருந்தன. ஒரு வாரமாகப் பெட்டிக்குள் "டிக், டிக்" என்று சத்தம். "பழசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒரேயடியாக நின்றது. எனக்குத் தெரியும் என்று வந்த ஒரு பையன் ஹார்டு டிஸ்க்கின் மூடியையே திருப்புளியால் திறந்துவிட்டான். அதோடு எல்லாம் போயிற்று.

"கணக்கு போனா போகட்டும் தங்கச்சி, எழுதிக்கலாம். அவரு படத்துக்கு நான் எங்க போவேன்?" என்று அக்கா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி, நம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடத்தில் ஒரு தூசி விழுந்தாலே ஆபத்து. டிக் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். தூசி புகாத தனி அறையில்தான் அதைத் திறக்கலாம். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு இல்லை. ஆனால் அது சத்தமே போடாமல் திடீரென்று படுத்துவிடும். ஆகவே எதுவானாலும், மாதம் ஒரு முறை முக்கியமான படங்களையும் கணக்குகளையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள்.

தூசியும் சூடும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகள் போகிற போக்குக்கு, காலையில் துடைத்த ஜன்னலில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம். அந்தத் தூசிதான் கம்ப்யூட்டரின் மின்விசிறியிலும் போய் அடைகிறது. விசிறி திணறினால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் இயந்திரம் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முடியாதபோது அணைந்தே போகும். "ரொம்ப மெதுவா இருக்கு, புதுசு வாங்கணும்" என்று நாம் முடிவு கட்டும் பல இயந்திரங்களுக்கு வேண்டியது நல்ல சுத்தம்தான்!

வெளிப்புறத்தை நாமே துடைக்கலாம். மின்சாரத்தை எடுத்துவிட்டு, மெத்தென்ற உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். திரையில் கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபடும். பலகை மேல் வையுங்கள். உள்ளே கை வைப்பது மட்டும் மெக்கானிக்கின் வேலை. வாக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்கக் கூடாது. அதிலும் நிலைமின்சாரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் ஸப்ளை பெட்டிக்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். பிராஸஸர் மேல் தடவியிருக்கும் பசை சில வருஷங்களில் காய்ந்துபோகும். அதையும் பார்த்து மாற்றத் தெரிந்தவர் வேண்டும்.

வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கி மாட்டாதீர்கள். ஐப்பசி மழையில் இடி இடித்தால் பிளக்கையே எடுத்துவிடுங்கள்.

குழந்தை உள்ள வீடா?

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பல கம்ப்யூட்டர்களுக்குள் தேதி, நேரத்தை நினைவில் வைக்க நாணயம் போன்ற ஒரு சிறு பாட்டரி இருக்கும். மெக்கானிக் புதியது போட்டால் பழையதைக் கேட்டு வாங்கி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை அதை விழுங்கி, உணவுக் குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்தது, பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினி. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தது எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதன் பாட்டரி உப்பி, விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாமல், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் சேருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நோய்

2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதற்கான தடுப்பு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது போலத்தான் கம்ப்யூட்டருக்கு 'அப்டேட்'. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோஸாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டில் ஓடுவது அதுவா என்று அடுத்த ஸர்வீஸின்போது கேளுங்கள்.

"உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கு, நாங்க சரி பண்றோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். நல்ல மெக்கானிக் நாம் கூப்பிட்டால்தான் வருவார்! பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன்

காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தம்பி ஒரு நல்ல விஷயம் சொன்னார். "அக்கா, குடும்பப் படங்களை நகல் எடுத்துட்டு, இதிலேர்ந்து நீக்கிட்டுக் குடுங்க. பாங்க் பாஸ்வேர்டை யார்கிட்டேயும் சொல்லாதீங்க. எங்கிட்டேயும்தான்!" அவர் சொன்னதோடு நானும் மூன்று சேர்க்கிறேன். வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். என்ன செலவு என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், பொருள் நம்முடையது.

வருஷத்துக்கு ஒரு ஸர்வீஸ் என்று வைத்துக்கொண்டால் எந்தத் தேதி என்கிறீர்களா? ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கிறோமே, அதற்கு முந்தின வாரம் கம்ப்யூட்டர்காரரை வரச் சொல்லுங்கள். சுத்தமான பெட்டிக்குச் சந்தனம் வைக்கலாம். காற்றுத் துவாரத்தில் மட்டும் வேண்டாம்!

எதிர்வீட்டு அக்கா இப்போது வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். மாதக் கடைசியில் கூலிக் கணக்கு முடித்ததும், பேரனை உட்காரவைத்து எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் ஏற்றச் சொல்கிறார். உறவுக்காரர்களின் செல்போனிலிருந்து தேடிச் சேர்த்த நான்கு காதுகுத்துப் படங்களும் அதில் இருக்கின்றன. நீங்களும் இந்த மாதமே ஆரம்பியுங்களேன்!