வயிற்றுக்குள் ஒரு கத்தரிக்கோல்!

வாந்தி-பேதி எல்லா ஊரிலும் வருவதுதான். ஆனால் கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையில் குழந்தைக்கு அது வந்தால், பல ஊர்க்காரர்கள் மலைப்பாதையில் வெகுதூரம் போனால்தான் ஆஸ்பத்திரி. அதற்குள் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிடலாம்.

இந்த வியாதியை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று 'நோரோ வைரஸ்'. 1968-ம் ஆண்டு அமெரிக்காவில் நார்வாக் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலர் வாந்தி எடுத்தார்கள். அதற்குக் காரணமான கிருமியை 1972-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஊரின் பெயரில் இருந்தே கிருமிக்கும் பெயர் வந்தது.

நம் நாட்டிலும் அது உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் 3 வயது வரை கவனித்தார்கள். அந்தக் குழந்தைகளிடமும் இந்தக் கிருமி காணப்பட்டது.

ஐந்து வெட்டு

இந்த வைரஸ் நமது குடலில் உள்ள உயிரணுவுக்குள் புகுகிறது. தனக்கு வேண்டிய புரதங்களை அங்கே தயாரிக்கிறது. முதலில் அவை தனித்தனியாக வருவதில்லை. பூச்சரம் போல ஒரே நீளமாக வருகின்றன.

பூக்காரி சரத்தை முழம் போட்டு வெட்டித் தருவாள் அல்லவா? இந்தச் சரத்தையும் வெட்ட வேண்டும். வெட்டும் கத்தரி எங்கே இருக்கிறது? அந்தச் சரத்திலேயே இருக்கிறது!

ஆம். சரத்தின் ஒரு பகுதியே கத்தரியாக வேலை செய்கிறது. அது தன்னையும் வெட்டி எடுத்துக்கொள்கிறது, மற்றவற்றையும் பிரிக்கிறது. ஐந்து இடத்தில் வெட்டு, ஆறு புரதங்கள்! வெட்டு விழாவிட்டால் வைரஸ் பெருக முடியாது.

மருந்து உண்டா?

எய்ட்ஸ், கொரோனா வைரஸ்களிடமும் இத்தகைய கத்தரி உண்டு. எய்ட்ஸ் கத்தரியை மடக்கும் மருந்து 1995-ல் வந்தது. கொரோனாவுக்கு 2021-ல் வந்தது. நோரோவுக்கு இன்னும் வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது.

நம் கையில் உள்ளது

அதுவரை சோப்பும் தண்ணீருமே காவல். கையில் தடவும் சானிடைசருக்கு இந்தக் கிருமி எளிதில் சாவதில்லை. குடிக்கும் நீரைக் கொதிக்க வையுங்கள்.

பேதி கண்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுங்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

கண் குழி விழுந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ தாமதிக்காதீர்கள். கரைசலைப் புகட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்!