தேனில் இருக்கும் தண்ணீர்

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, இலையிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் டிசம்பர் வாக்கில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். பொங்கல் கழிந்ததும் செம்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிரின் காம்பு முடிந்து மூன்று சிற்றிலைகளாகப் பிரியும் இடத்தில் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. இலை முற்றும்வரை அங்கே இனிப்பு நீர் கசிந்துகொண்டிருக்கும். தேனீப்பெட்டி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் முழுவதையும் தீர்மானிப்பது பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட இந்தச் சில வாரங்கள்தாம். தளிரில் சாம்பல் நோய் விழுந்தாலோ, மழை வந்து கசிவைக் கழுவிவிட்டாலோ அந்த ஆண்டு போயிற்று.

திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டில், மளிகைக்கடையில் ஒரு பாட்டில் தேனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர், ‘இதில் சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறதா?’ என்றுதான் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதில் தண்ணீர் எவ்வளவு? யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றாத, ஈக்களே கொண்டுவந்த தண்ணீரைத்தான் சொல்கிறேன். தேன் எடுக்கும் தொழிலின் அறிவியல் பெரும்பாலும் அந்தத் தண்ணீரைச் சுற்றித்தான் இருக்கிறது. தொழிலின் நெருக்கடியும் அங்கேதான்.

மார்த்தாண்டத்துக்குப் பெட்டி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டுகிற நம் இந்தியத் தேனீ உருவில் சிறியது. ஐரோப்பியப் பெட்டி அதற்குப் பெரிது. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-களில் இந்த ஈக்குத் தோதான சிறிய பெட்டியை வடிவமைத்து, பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பையும் வீட்டுத் தொழிலாக ஊர்களில் பரப்பினார். பின்னால் ரப்பர் பரவியபோது, பெட்டியும் பழகிய கைகளும் அங்கே தயாராக இருந்தன. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது.

நியூட்டன் பெட்டியில் இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டில் ராணி முட்டையிடும், புழுக்கள் வளரும், மகரந்தம் சேரும். மேல்தட்டில் தேன் மட்டும். மேல்தட்டுச் சட்டங்களின் உயரம் கீழ்ச்சட்டத்தில் ஏறக்குறைய பாதி. சட்டங்களை இழுத்தால் கையோடு வருவதற்குக் காரணம், 1851-இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் கவனித்த ஓர் இடைவெளி. ஏறக்குறைய 6 முதல் 9 மில்லிமீட்டர் இடம் விட்டால் தேனீ அதை நடைபாதையாக விட்டுவிடும். அதைவிடக் குறைந்தால் பிசினால் அடைக்கும், கூடினால் அடை கட்டி நிரப்பும். இந்தியத் தேனீக்கு அந்த அளவு இன்னும் சற்றுக் குறைவு. இதில் தச்சன் தவறினால் சட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறை தேன் எடுக்கும்போதும் ஈக்கள் நசுங்கிச் சாகும்.

தளிரில் கசிவதைத் தேன் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் தண்ணீர்தான், அதில் கொஞ்சம் சர்க்கரை. வேலைக்கார ஈ அதைத் தேன்பையில் சுமந்து வந்து கூட்டுக்குள் வேலை செய்யும் ஈயின் வாயில் ஒப்படைக்கிறது. அது வாய்க்கு வாய் மாறிச் செல்லும்போது ஈயின் சுரப்பியிலிருந்து இன்வர்டேஸ் என்ற நொதி சேர்ந்து, கரும்புச் சர்க்கரை வகையை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி கொஞ்சம் குளுக்கோஸை அமிலமாக மாற்றுகிறது. அந்த வேலையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. தேனில் கிருமி வளராததற்கு அமிலத்தன்மை, பெராக்சைடு, தண்ணீர்க் குறைவு மூன்றும் சேர்ந்துதான் காரணம்.

பிறகு காற்று வீசுதல். பெட்டிக்குள் 34, 35 டிகிரி வெப்பம் மாறாமல் இருக்கும். இரவெல்லாம் ஈக்கள் வரிசையாக நின்று சிறகை விசிறி, ஈரக்காற்றை வாசல் வழியே வெளியே தள்ளுகின்றன. நூற்றுக்கு 30 பங்கு சர்க்கரை உள்ள இனிப்பு நீரிலிருந்து, 20 பங்கு தண்ணீர் உள்ள ஒரு கிலோ தேன் வரவேண்டும் என்றால் இரண்டே முக்கால் கிலோ வரை சுமந்து வரவேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். பக்குவம் வந்த அறையை மெழுகால் மூடிவிடும். அந்த மூடிதான் ‘இது இனிப் புளிக்காது’ என்று ஈ கொடுக்கும் உத்தரவாதம். தேன் எடுக்கப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியதும் அதைத்தான்.

தேன் எடுக்கும் நாளில் வேலையைக் குடும்பமே பங்கிட்டுக்கொள்ளும். ஒருவர் பெட்டி திறப்பார், ஒருவர் மூடி சீவுவார், ஒருவர் கைப்பிடி சுற்றுவார், வடிகட்டுவது இன்னொருவர் பொறுப்பு. தேங்காய் நார் அடைத்த புகைப்பானிலிருந்து வாசலில் மெல்லப் புகை விடுவார்கள். கொட்டிய ஈ வெளிவிடும் எச்சரிக்கை மணம் வாழைப்பழ வாசனையைச் சேர்ந்தது. புகை அந்த மணத்தை மறைத்துவிடும். கூடவே, கூட்டுக்கு ஆபத்து என்று நினைத்து ஈக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், நிரம்பிய ஈ அவ்வளவாகக் கொட்டாது. புகை கூடினால் தேனிலேயே புகை நாற்றம் ஏறும். கைப்பழக்கம் உள்ளவர் இரண்டு மூன்று ஊதலோடு நிறுத்திக்கொள்வார்.

மேல்தட்டுச் சட்டத்தை மட்டும் தூக்கி, ஈக்களை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, மூடிய பாத்திரத்தில் வைப்பார்கள். கீழ்த்தட்டில் கை வைப்பதில்லை. அந்தச் சட்டத்தைச் சுழற்றினால் தேனோடு புழுவும் பிய்த்துக்கொண்டு வரும். குடும்பமும் அழியும், தேனும் கெடும்.

அடுத்து மெழுகு மூடியை வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் தோலாகச் சீவி எடுப்பது. பிறகு இயந்திரம். பிரான்ஸ் ஃபான் ஹ்ருஷ்கா என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி 1865-இல் உலகுக்குக் காட்டிய சுழல் இயந்திரத்தின் அடிப்படை இன்றும் அதேதான். உருளைப் பாத்திரத்துக்குள் கூடை, கூடையில் சட்டம், வெளியே கைப்பிடி. மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் சட்டத்தை நொடிக்கு 5 சுற்று சுற்றினால், புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு விசை தேனை வெளியே இழுக்கும். எடுத்த எடுப்பில் அந்த வேகம் கூடாது. உள்பக்கத்து அறைகளில் தேன் இருக்கும்போதே வேகமாகச் சுற்றினால் அந்தக் கனம் தாங்காமல் அடை நொறுங்கும். ஒரு பக்கம் பாதி, திருப்பிப் போட்டு மறுபக்கம் முழுவதும், மறுபடி முதல் பக்கம் மீதி. இந்த வரிசை தவறினால் இழப்பு பெரிது. ஒரு கிலோ மெழுகு சுரக்க ஈக்கள் 6 முதல் 8 கிலோ தேனைத் தின்னும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. காலி அடை உடையாமல் பெட்டிக்குத் திரும்பினால் ஈக்கள் மறுநாளே அதில் தேன் ஊற்றத் தொடங்கும். பழைய முறைப்படி அடையைப் பிழிந்து எடுத்தால் தளிர்க் காலத்தின் பாதி, வீடு கட்டுவதிலேயே போய்விடும்.

இங்கேதான் நெருக்கடி. கசிவு பொங்கும் நாட்களில் மேல்தட்டு ஒரே வாரத்தில் நிரம்பும். மூடி போடும்வரை காத்திருந்தால் ஈக்களுக்கு ஊற்ற இடமில்லை, வரத்து நின்றுபோகும். காத்திருக்காமல் எடுத்தால் அதிகம் கிடைக்கும், ஆனால் நீர்த்த தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 பங்கு தண்ணீரோடு எடுத்த 100 கிலோ தேனில் சர்க்கரை 75 கிலோ. அதே தேன் கூட்டிலேயே 20 பங்குக்கு இறங்கியிருந்தால் எடை 94 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்கும். எடை பார்த்து விலை போடும் சந்தையில், பொறுமையாகக் காத்திருந்தவருக்குக் கிடைப்பது 6 கிலோ நட்டம். அவசரப்படுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை விலைமுறையில் இருக்கிறது. ஒளிவிலகல் மானியில் ஒரு சொட்டு வைத்தால் தண்ணீர் எத்தனை பங்கு என்று நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். வாங்குகிறவர் அந்த அளவுக்கேற்ப விலை ஏற்றித் தந்தால், காத்திருப்பதே லாபம் என்று ஆகும்.

இந்தியாவில் தேனுக்கு அனுமதிக்கப்பட்ட ஈரம் அதிகபட்சம் 20 பங்கு. அதைத் தாண்டினால் தேனில் இயல்பாக இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், பாட்டிலில் நுரை கட்டும், புளிப்பு வாடை வரும். கடலோரத்து ஈரக்காற்றில், அதுவும் இந்தியத் தேனீயின் கூட்டில், 20-க்குள் கொண்டுவருவது கடினம். அதனால் சேகரித்த தேனை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஈஸ்ட்டைக் கொன்று, உபரித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். இதற்கும் ஒரு விலை இருக்கிறது. சூடு ஏற ஏற, நேரம் நீள நீள, நொதிகள் செயலிழக்கும், மணம் போகும், எச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடும். அதற்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று சட்டம் எல்லை போட்டிருக்கிறது. கூட்டில் இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் இந்தச் சூட்டைக் குறைத்திருக்கலாம்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவைப் பார்த்ததும் ‘சர்க்கரை’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அது குளுக்கோஸ் தானாகப் படிகமானது, கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. கைபொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் நனைத்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது எதுவும் தேனைக் காட்டிக்கொடுக்காது. கெட்டியான பாகும் இதில் தேறிவிடும். கரும்பும் சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு என்பதால், அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 சற்றுக் கூடுதல். ஆய்வகத்தில் கரும்புப் பாகு அதை வைத்துத்தான் பிடிபடுகிறது. அரிசிப் பாகு அந்த வலையில் சிக்காது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களின் தேனை அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு அனுப்பியதில் 10 தேறவில்லை என்பது 2020 டிசம்பரில் வெளிவந்தது. பாகோடு விலையில் போட்டியிட வேண்டியவர்கள், பெட்டியைச் சுமக்கும் குடும்பங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தை விட்டுவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரக்கலாம். தேனைச் சூடாக்கினாலும் அந்த வித்து சாவதில்லை.

தேனீக்களுக்கும் நோய் வரும். 1991, 92-இல் தாய் சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் தென்னிந்தியாவில் பரவியது. கூட்டுப்புழுவாக மாறவேண்டிய புழு, தோலுக்கடியில் நீர் கோத்துப் பையாகிச் செத்தது. கேரளத்திலும் குமரியிலும் பத்துப் பெட்டிக்கு ஒன்பது காலியாயின. மருந்து கிடையாது. தப்பிய பெட்டிகளிலிருந்து குடும்பங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழிலை மீட்டார்கள். இத்தாலியத் தேனீ இங்கே பரவியதும் அதன் பிறகுதான்.

பள்ளிப்பட்டில் ரப்பர் இல்லை. மாந்தோப்புகள் இருக்கின்றன, வேம்பும் புங்கமும் இருக்கின்றன. மாம்பூவில் பெரிய தேன் வரத்தை எதிர்பார்க்க முடியாது. பூக்காலத்தில் குடும்பத்தைப் பெருக்கி, வேம்பு பூக்கும்போது மேல்தட்டு வைப்பதுதான் இந்த நிலத்துக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. பெட்டி வைக்க விரும்புகிறவர்கள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துத் தொடங்கலாம். ஆனால் பெட்டியைவிடப் பெரிய தடை தோப்பிலேயே இருக்கிறது. தத்துப்பூச்சிக்காகப் பூ விரிந்த நாளில் இமிடாகுளோப்ரிட் அடித்தால் தேனீயும் சேர்ந்து மடியும். மொட்டு நிலையிலேயே மருந்தை முடித்துக்கொள்ள வேண்டும். தவிர்க்க முடியாமல் அடிக்கவேண்டி வந்தால் பெட்டிக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர் முந்தின இரவே, ஈக்கள் கூடடைந்த பிறகு, பெட்டியை அப்புறப்படுத்திவிடுவார். ஜூனிலிருந்து பூ குறையும் மாதங்களுக்குக் கீழ்த்தட்டுத் தேனைத் தொடாமல் விட்டுவைத்தால், சர்க்கரைக் கரைசல் செலவும் குறையும், அடுத்த மாம்பூவுக்கு ஆள்பலத்தோடு குடும்பம் இருக்கும்.