இரு தாய்ப்பலகைகள்: விலையும் பயனும்

கணிப்பொறியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக்கொள்வோர் இன்று நம் நாட்டில் பலர் உளர். மகனுடைய பொறியியல் படிப்பிற்கென அளவான தொகையை ஒதுக்கிவைத்த தந்தை ஒருவர் கடைக்குச் செல்வதாகக் கொள்வோம். அங்கே அவரைத் திகைக்க வைப்பது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையே. பார்வைக்கு ஒத்த இரு பலகைகள். ஒன்றின் விலையோ மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. விலை மிகுந்தால் வேகமும் மிகுமா?

ஏ.எம்.டி. நிறுவனத்தின் பிராசஸர்களுக்குரிய ஏ620, பி650 என்னும் இருவகைப் பலகைகளை எடுத்துக்கொள்வோம். பின்னது 2022இலும் முன்னது 2023இலும் வெளிவந்தன. இரண்டிலும் 1718 தொடுமுனைகள் கொண்ட ஏஎம்5 சாக்கெட்டே உள்ளது; இரண்டும் டிடிஆர்5 நினைவகத்தையே ஏற்கும். 65 வாட் வகைப் பிராசஸர் ஒன்றை இவற்றில் மாறி மாறிப் பொருத்தினால், அன்றாட வேலைகளில் வேக வேறுபாடு காண்பது அரிது. கணக்கிடுவது பிராசஸரேயன்றிப் பலகையன்று.

அங்ஙனமாயின் மிகுதிப் பணம் எதற்கு? முதலாவது, மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் பகுதிக்கு. பெட்டியிலுள்ள பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டுவதோ 1 வோல்ட்டிற்குச் சற்று மேல். அழுத்தம் குறைந்தால், அதே திறனைத் தர மின்னோட்டம் பெருக வேண்டும். வீட்டிலுள்ள 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்குச் சற்று மிகுதியாகவே இழுக்கிறது. 65 வாட் வகைப் பிராசஸரோ, முழு வேலையில் 88 வாட் வரை கொள்வதால், 70 அல்லது 80 ஆம்பியர் கேட்கும். உயர்தரப் பிராசஸர்கள் 230 வாட் வரை செல்லும். மலிவான பலகையில் இச்சுமையைப் பகிர்ந்து தாங்கும் உறுப்புகள் குறைவு. வெப்பத்தை அகற்றும் அலுமினியத் தகடும் சிறியது, அல்லது இல்லவே இல்லை. நாகபுரியின் கோடையில், மின்விசிறியே வெங்காற்றை வீசும் அறையில், இக்குறை வெளிப்படும். உறுப்புகள் அளவு மீறிச் சூடேறினால் பிராசஸரின் வேகம் தானாகவே குறைக்கப்படும்.

இரண்டாவது, இடவசதி. மலிவான பலகையில் பெரும்பாலும் நினைவகத்திற்கு 2 ஸ்லாட்டுகளும் எம்.2 சேமிப்பகத்திற்கு ஒன்றும் இருக்கும். மற்றதில் பெரும்பாலும் நான்கும் இரண்டும் இருக்கும். பிராசஸரை வரம்பு கடந்து விரைவுபடுத்தும் ஓவர்கிளாக்கிங் வசதி பி650இல் உண்டு, ஏ620இல் இல்லை.

ஆகவே, நிரல் எழுதவும் பாடம் படிக்கவும் கணிப்பொறி வேண்டும் மாணவனுக்கு ஏ620 போதும். மிஞ்சும் தொகை நல்ல பவர் சப்ளைக்கும் கூடுதல் நினைவகத்திற்கும் செல்லட்டும். நாள்தோறும் பல மணி நேரம் வீடியோ தொகுப்பவர்க்கும், பிற்காலத்தில் பெரிய பிராசஸரைப் பொருத்த எண்ணுபவர்க்கும் பி650 தகும். எதை வாங்கினும், நாம் விரும்பும் பிராசஸர் அப்பலகைக்குரிய பட்டியலில் உள்ளதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பெரிய பலகை வாங்கி நினைவகத்தைக் குறைப்பதும் தவறு. சிறிய பலகையில் பெரும் பிராசஸரை ஏற்றுவதும் தவறு. வேலையின் அளவை முதலில் அறிந்துகொண்டால், விலையின் அளவு தானே விளங்கும்.