அஸ்திவாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்?

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே பாய்ந்து வரும் பருவக்காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. தென்காசி வட்டாரக் காற்றாலைகளையும் சுழல வைக்கிறது. இந்தச் சமயத்தில் இதே வட்டாரத்து இலத்தூரில் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவர்கள், "சாரல்தான் விழுகிறதே, தனியாகத் தண்ணீர் எதற்கு?" என்று இருந்துவிடக் கூடாது. சாரல் மேலாக நனைத்துவிட்டுப் போகும். பின்னாலேயே வரும் காற்று அந்த ஈரத்தை வாங்கிவிடும்.

கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து பசைபோன்ற ஒரு பொருளாகின்றன. ஜல்லியையும் மணலையும் இறுகப் பிடிப்பது அதுதான். உள்ளே நுண்துளைகளில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த வினை ஏறக்குறைய நின்றுபோகும்.

எம்20 கான்கிரீட் என்றால், 15 செ.மீ. கனசதுரமாக வார்த்துச் சோதிக்கும்போது 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும். இதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வலிமை முதல் 7 நாளிலேயே வந்துவிடும். அந்த ஒரு வாரத்தைக் கோட்டைவிட்டால் பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

இந்தியத் தர விதி ஐஎஸ் 456 (2000), சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள். 14 நாள்வரை நீட்டிப்பது நல்லது என்கிறது. சாம்பல் மெதுவாக வினைபுரிவதே காரணம். மூட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கான்கிரீட் கொட்டுவதற்கு முன் குழியின் அடித்தளத்தை நனைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கலவையிலுள்ள நீரை அது இழுத்துக்கொள்ளும். மட்டம் தட்டி முடித்ததும் மேலே ஈரப் பளபளப்பு தெரியும். காற்று நாளில் அது சீக்கிரம் மறைந்து, மயிரிழை வெடிப்புகள் ஓடத் தொடங்கும். அதற்குள் பிளாஸ்டிக் தாளால் மூடிவிடுங்கள். மறுநாள், இறுகிய பூட்டிங்கின் (அஸ்திவாரக் கான்கிரீட்டின்) மேல் விளிம்பில் களிமண் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கலாம். பில்லருக்குச் சணல் சாக்கைச் சுற்றி, அது காயாமல் நனைத்துவர வேண்டும்.

28 நாளும் வேலையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. வீட்டின் பாரம் படிப்படியாகத்தான் ஏறும். ஒரு வாரம் கழித்துப் பொறியாளர் சொற்படி மேல்வேலையைத் தொடங்கலாம். ஆனால் மூன்றாம் நாளே மண் தள்ளிக் குழியை மூடும் அவசரம் வேண்டாம். மண்ணுக்குள் போன பூட்டிங்கைத் திறந்து திருத்துவது பெரும் செலவு. குழி மூடும் தேதியைக் கான்கிரீட் போடும் முன்பே கொத்தனாரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.